நானே செய்த டிவி கேபிள்: ஏழு ஆண்டு அனுபவம்

2006இல் எங்கள் வீட்டில் இருந்தது 21 அங்குலப் படக்குழாய் டிவி. முன்பக்கத்தில் படத்துக்கு மஞ்சள், ஒலிக்கு வெள்ளை என இரண்டே துளைகள். கணினியின் கிராஃபிக்ஸ் கார்டிலோ எஸ்-வீடியோ துளைதான் இருந்தது. இரண்டையும் இணைக்கும் கேபிளை நானே செய்தேன். 2013இல் டிவியை மாற்றும்வரை அது உழைத்தது.

எஸ்-வீடியோவில் வெளிச்சம் ஒரு கம்பியிலும் நிறம் இன்னொரு கம்பியிலும் தனித்தனியே வரும். டிவியின் மஞ்சள் துளைக்கு இரண்டும் கலந்து ஒரே கம்பியில் வர வேண்டும். எஸ்-வீடியோவின் நான்கு பின்களில் 1, 2 எர்த், 3 வெளிச்சம், 4 நிறம். மூன்றாவதை ஆர்சிஏ பின்னின் (மஞ்சள் துளையில் செருகும் பின்) நடுமுனையில் நேராகப் பற்றவைத்து, நான்காவதை 470 பைக்கோஃபாரட் கெபாசிட்டர் வழியாக அதே முனையில் சேர்த்தால் வேலை முடிந்தது. பற்றவைக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் பின்களின் வரிசை இடம் வலமாக மாறிவிடும். மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொன்றாக உறுதி செய்துகொண்டேன்.

சென்னை ரிச்சி தெருவில் ஐந்து மீட்டர் 75 ஓம் கோஆக்சியல் வயர் (நடுக்கம்பியைச் சுற்றி உலோக வலை உள்ளது) வாங்கினேன். ஸ்பீக்கர் வயரில் செய்யாதீர்கள். சுற்றியுள்ள இரைச்சலையெல்லாம் இழுத்துக்கொள்ளும்.

முதல் நாள் படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. கார்டின் அமைப்பில் அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சி என்றிருந்ததை நம்மூர் முறையான பிஏஎல் என மாற்றியதும் நிறம் எட்டிப் பார்த்தது, ஆனால் வெளிறியே இருந்தது. இரண்டு நாள் தேடிய பிறகு கெபாசிட்டரை விளக்கின் அடியில் பிடித்துப் பார்த்தேன். மிளகைவிடச் சற்றே பெரிய பழுப்பு வில்லை. அதன்மேல் 470 என்று அச்சிட்டிருந்தது. அந்தக் குறியீட்டில் கடைசி இலக்கம் பூஜ்யங்களின் எண்ணிக்கையைச் சொல்வது. ஆக அது வெறும் 47 பைக்கோஃபாரட். நிறம் பயணிக்கும் 4.43 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 760 ஓம் தடையாக நிற்கும்; சரியான வில்லை சுமார் 76 ஓம்தான். 471 என்று எழுதியதை வாங்கி மாற்றினேன். தங்கையின் திருமணப் படங்களில் வெளிறிக் கிடந்த அரக்குப் புடவை அரக்காகவே தெரிந்தது. அன்று மாலை வீடே டிவி முன் உட்கார்ந்திருந்தது. அந்த மகிழ்ச்சி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஒலிக்குத் தனி வயர் போட்டேன். கேபிள் டிவி வயரும் டிவியில் செருகியிருந்தால் ஸ்பீக்கர் உறுமும்; அதைக் கழற்றினால் நின்றுவிடும். ஒருமுறை ஆர்சிஏ பின்னின் உலோகத்தைத் தொட்டபோது விரலில் சுரீரென்றது. கணினி செருகியிருந்த பிளக்கில் எர்த் இணைப்பே இல்லை! வயர்மேனை அழைத்துச் சரிசெய்த பிறகே மீண்டும் இணைத்தேன். இதில் அலட்சியம் கூடவே கூடாது. எப்போதும் டிவி, கணினி இரண்டையும் அணைத்துவிட்டுச் செருகுங்கள்.

இரண்டாம் ஆண்டில் பின்னின் கழுத்தில் வயர் மடங்கி மடங்கி ஈயம் விட்டுப்போனது. சூடுபட்டால் சுருங்கும் குழாயைப் போட்டு மறுபடி பற்றவைத்தேன். அதன்பின் தொந்தரவு இல்லை.

படம் பார்க்க அருமை. எழுத்து வாசிக்கச் சரிப்படாது. பிஏஎல் படத்தில் கண்ணுக்குத் தெரியும் கோடுகள் 576 மட்டுமே. சிவப்பு எழுத்துகளின் ஓரத்தில் புள்ளிகள் ஊர்வதும் கடைசிவரை இருந்தது. வெளிச்சத்தையும் நிறத்தையும் கலந்தால் அது வரத்தான் செய்யும்.

புதிய டிவிகளுக்கான, 19 பின் கொண்ட எச்டிஎம்ஐ கேபிளை வீட்டில் செய்ய முயல வேண்டாம். கடையில் வாங்குவதே சரி. பழைய டிவியும் எஸ்-வீடியோ கார்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். வில்லையில் 471 என்று இருக்கிறதா எனக் கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.