கண்ணாடியில் ஒட்டிய இணைச்சீர் படம்

இந்த முறை மெல்போர்னிலிருந்து கோபிச்செட்டிபாளையம் வந்தது முக்கியமாக ஒரு வேலைக்காக. பரணில் கிடக்கும் தகரப்பெட்டிப் படங்களை ஸ்கேன் செய்து கொண்டுபோக வேண்டும். அப்பா போனபிறகு அந்தப் பெட்டியை யாருமே திறக்கவில்லை.

உள்ளே 214 படங்கள். அப்பா ஆக்ஃபா கிளிக் 3 கேமரா வைத்திருந்தார். 120 ஃபிலிம் சுருளுக்கு 12 சதுரப் படம். அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் தெளிவாக இருக்கின்றன. எண்பதுகளின் வண்ணப் படங்கள்தான் சிவந்து போய்விட்டன. பசை தடவிய அட்டையில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடும் ஆல்பங்களில் இருந்தவை படுமோசம்.

எல்லாவற்றையும்விட நான் பயந்தது சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்துக்காக. 1968இல் அப்பாவின் கல்யாணம், மாப்பிள்ளையும் அவருடைய சகோதரியும் சேர்ந்து செய்யும் கொங்குச் சடங்கான இணைச்சீர் நடக்கும் நேரம். தலைப்பாகையுடன் அப்பா, பக்கத்தில் அவருடைய தங்கை, எதிரே சடங்கை நடத்திவைக்கும் அருமைக்காரர். ஈரம் ஏறி, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

முதலில் போன கடையில், என்னைக் கேட்காமலே பிளேடை எடுத்து ஓரத்தை நெம்பத் தொடங்கினார்கள். பதறிப் பிடுங்குவதற்குள் ஒரு மூலை பெயர்ந்துவிட்டது. படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பற்றிவிட்டால் உரிக்கவே கூடாது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் பஸ் ஏறி ஈரோடு போனேன். இருட்டறையில் படம் கழுவிய காலத்து ஸ்டுடியோக்காரர் ஒருவரைச் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். அவர் கண்ணாடியைத் தொடவே இல்லை. சட்டத்தோடு கிடத்தி, இருபுறமும் சாய்வாக விளக்கு வைத்து, கேமராவைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டி, பிரதிபலிப்பே விழாமல் நேர்மேலிருந்து எடுத்தார். அந்தப் பொறுமைக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

சதுரப் படங்களை அங்குலத்துக்கு 1200 புள்ளியில் ஸ்கேன் செய்யச் சொன்னேன். ஆறு சென்டிமீட்டர் படத்தை 300இல் எடுத்தால் பக்கத்துக்குச் சுமார் 700 புள்ளிதான் கிடைக்கும். பெரிதாக்கினால் முகம் கலங்கிவிடும். தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்புகளாகவே வாங்கி, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினேன். ஒன்று தம்பியிடம், ஒன்று என்னோடு. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆவணமாக அனுப்புங்கள்; படமாக அனுப்பினால் சுருக்கிவிடும்.

ஆனால் 214 கோப்பிலும் எண்தான் இருந்தது, பெயர் இல்லை. கடைசி நான்கு நாளும் அத்தை வீட்டுத் திண்ணையிலேயே கழிந்தன. 81 வயது. மடிக்கணினியில் ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் சொல்லச் சொல்ல ஃபோனில் குரலைப் பதிந்து, கோப்பின் பெயரிலேயே ஆட்களின் பெயரையும் ஊரையும் எழுதினேன். அசல் படங்களின் பின்பக்கம் மெல்லிய பென்சிலில், அழுத்தாமல். பேனா மை ஊறிவிடும்.

இணைச்சீர் படம் வந்ததும் அத்தை வெகுநேரம் பேசவில்லை. பிறகு திரையில் விரல் வைத்து, "அண்ணன் கை நடுங்கியது கண்ணு, நான்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்" என்றார். அப்பா ஒருநாளும் சொன்னதில்லை.

அதே படத்தின் ஓரத்தில், கூடை ஏந்தி நிற்கும் பெண்ணை மட்டும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. காங்கேயத்துப் பெரியம்மாவுக்குத் தெரியலாமாம். மாரியம்மன் நோம்பிக்குத் தம்பி அங்கே போகிறான். பெரிய பிரதி ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறேன்.