தூண்டில் மீன்: விட்டுப் போகும் ஆணும் ஒட்டியே கிடக்கும் ஆணும்

வாழைச்சேனைப் பலநாள் படகுகளின் தூண்டில் எட்டாத ஆழம்தான் தூண்டில் மீன்களின் வீடு. பெண்ணின் தலையில் ஒரு கோல். நுனியில் பக்டீரியாக்கள் தரும் வெளிச்சம். இரவில் லைட் போட்டு மீனைக் கூட்டுகிற நம்மவர்களுக்கு இந்த உத்தியை விளக்கத் தேவையில்லை.

ஆண்களில்தான் வித்தியாசம். மெலனோசீட்டஸ் ஜோன்சோனி இனத்தில் பெண் ஒரு சாண்கூட வராது. ஆண் 3 சென்ரிமீற்றர் அளவுதான். பெண்ணைப் பல்லால் பற்றும், காரியம் முடிந்ததும் விட்டுவிடும். 2025 ஜனவரியில் ஸ்பெயினின் தெனெரீஃப் தீவருகே பட்டப்பகலில் நீர்மட்டத்துக்கு வந்து படம்பிடிக்கப்பட்டது இந்த இனம்தான்.

செராட்டியாஸ் ஹோல்போலி வேறு கதை. பெண் 1 மீற்றரைத் தாண்டும். ஆண் கடித்தால் கடித்ததுதான்: தோல் ஒட்டி, இரத்தக் குழாய்களும் இணைந்துவிடும். அப்புறம் சாப்பாடெல்லாம் பெண்ணின் இரத்தத்தில். 1922இல் ஐஸ்லாந்தில் இப்படி ஒட்டியிருந்தவற்றைக் குஞ்சுகள் என்றே நினைத்தார்கள். 1925இல் பிரித்தானிய மீனியல் ஆய்வாளர் சார்ள்ஸ் டேட் ரீகன்தான் அவை புருசன்மார் என்று காட்டினார்!

இருட்டில் துணை கிடைப்பதே அரிது. எனக்கென்னவோ இரண்டாவது வழிதான் கெட்டித்தனம். ஆனால் சும்மா கிடைக்கவில்லை. வேறோர் உடல் வந்து ஒட்டினால் நோயெதிர்ப்பு அதை விடாதே! நிரந்தரமாக ஒட்டும் இனங்களில் நோயெதிர்ப்புக்கு வேண்டிய சில முக்கிய மரபணுக்களே இல்லாமற்போயிருப்பதை 2020இல் கண்டறிந்தார்கள்.