பிளேஸ்மென்ட் உள்ள படிப்புக்கு இங்கிலாந்து விசா: ராமநாதபுரம் ஏஜென்சி ஒன்றுடன் ஏழு மாதங்கள்

என் அக்கா மகனை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்புவதற்காக, ராமநாதபுரம் நகரில் இயங்கும் வெளிநாட்டுக் கல்வி ஏஜென்சி ஒன்றின் சேவையை 2025 ஜனவரி இறுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை பயன்படுத்தினோம். விசா கிடைத்துவிட்டது, மருமகன் இப்போது அங்கே படித்துக்கொண்டிருக்கிறான். ஆகவே இது ஏமாந்தவனின் புலம்பல் அல்ல. ஆனாலும் மண்டபம், பாம்பன், கீழக்கரை, தேவிபட்டினம் பக்கத்திலிருந்து அடுத்த சேர்க்கைக்கு அதே மாதிரிப் படிகளில் ஏறப்போகிறவர்களுக்கு, எந்த இடத்தில் அந்த ஏஜென்சி கைகொடுத்தது, எந்த இடத்தில் எங்களைக் கைவிட்டது என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

அலுவலகத்தில் இரண்டு அறைகள். முன்னறையில் ஆலோசகர் என்ற பெயரில் ஓர் இளைஞர், குளிர்சாதன வசதி, சுவரில் லண்டன் பாலத்தின் படம், அதன் கீழே "இரண்டு ஆண்டு விசா, ஓராண்டு சம்பளத்துடன் வேலை" என்ற வாசகம். படிப்பின் ஒரு பகுதியாக ஒரு நிறுவனத்தில் செய்யும் இந்த வேலைப் பயிற்சியைத்தான் பிளேஸ்மென்ட் என்கிறார்கள். பின்னறையில் மின்விசிறி மட்டும். அங்கேதான் ஆவணங்களைச் சரிபார்க்கும் பெண் ஒருவர் கோப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார். இந்த ஏஜென்சியைப் பற்றிய என் கருத்து முழுவதும் இந்த இரண்டு அறைகளுக்கும் இடையில் உள்ள வேறுபாடுதான்.

மருமகன் பி.காம். முடித்தவன். மண்டபத்தில் ஒரு விசைப்படகு வைத்திருக்கும் என் மச்சானுக்கு, இறாலும் நண்டும் கம்பெனிக்காரர்கள் கைக்குப் போன பிறகு எப்படி எந்த நாட்டுக்குப் போகின்றன என்பதை மகன் படித்துவிட்டு வர வேண்டும் என்று ஆசை. அதனால் சரக்குப் போக்குவரத்து மேலாண்மையில் முதுகலைப் படிப்பு என்று முடிவாயிற்று. முன்னறை இளைஞர் பத்தே நாளில், லண்டனுக்கு வெளியே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் ஆஃபர் லெட்டரை வாங்கிக் கொடுத்தார். வேகத்தைப் பாராட்டினோம். வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்தபோதுதான் அது 12 மாதப் படிப்புக்கான கடிதம் என்பதும், சுவரில் எழுதியிருந்த வேலை ஆண்டைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை என்பதும் தெரிந்தன. மறுநாள் போய்க் கேட்டதற்கு, "அது ஒண்ணும் பிரச்சினை இல்ல சார், அங்க போய் பிளேஸ்மென்ட்டச் சேத்துக்கலாம்" என்றார்.

அப்படி எளிதாகச் சேர்த்துக்கொள்ள முடியாது. இங்கிலாந்தின் மாணவர் விசா, பல்கலைக்கழகம் தரும் காஸ் என்ற சேர்க்கை உறுதிச் சான்றின் மேல்தான் நிற்கிறது. பிளேஸ்மென்ட் என்பது படிப்பின் பிரிக்க முடியாத பகுதியாகவும் மதிப்பீட்டுக்கு உட்பட்டதாகவும் இருக்க வேண்டும்; பட்டப் படிப்புகளில் அதன் காலம் மொத்தப் படிப்புக் காலத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஓராண்டு வகுப்பு, ஓராண்டு வேலை என்ற இரண்டாண்டு முதுகலைப் படிப்புகள் சரியாக அந்த எல்லையில் நிற்பவை. காஸில் அது இல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டுப் பிறகு சேர்க்க நினைத்தால், முதலில் பல்கலைக்கழகம் சம்மதிக்க வேண்டும். சம்மதித்தாலும் புதிய காஸ் வாங்கி, புதிதாக விசாவுக்கு விண்ணப்பித்து, விசா கட்டணத்தையும், அந்த நாட்டு அரசு மருத்துவச் சேவைக்காக வாங்கும் சுகாதாரக் கட்டணத்தைக் கூடுதல் காலத்துக்கும் கட்ட வேண்டும். சாதாரண மாணவனுக்குப் பாடக்காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்ய அனுமதி என்பதால், பிளேஸ்மென்ட் இல்லாத விசாவை வைத்துக்கொண்டு முழுநேர வேலைப் பயிற்சி என்ற பேச்சுக்கே இடமில்லை.

மருமகனே பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதினான். காஸ் வழங்கப்படுவதற்கு முன்பே இரண்டாண்டுப் படிப்புக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று இரண்டு நாளில் பதில் வந்தது. அதை அச்செடுத்துக் கொண்டுபோய் மேசையில் வைத்த பிறகுதான் முன்னறை அசைந்தது. புதிய ஆஃபர் லெட்டர் வர மூன்று வாரங்கள் ஆயின. பல்கலைக்கழகத்திடமிருந்து இவர்களுக்குக் கமிஷன் வருகிறது என்பது ஊரறிந்த செய்தி. அதைத் தவறென்று நான் சொல்லவில்லை. எந்தப் படிப்பை விற்கிறோம் என்பதாவது விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எதிர்பார்க்கிறேன்.

சுவர் வாசகத்தில் இன்னொரு குறையும் உண்டு. அந்த வேலையை ஏஜென்சியும் தருவதில்லை, பல்கலைக்கழகமும் தருவதில்லை. மாணவன்தான் விண்ணப்பம் போட்டு, நேர்காணலுக்குப் போய்த் தேடிக்கொள்ள வேண்டும். குறித்த தேதிக்குள் கிடைக்காவிட்டால் அவனை ஓராண்டுப் படிப்புக்கு மாற்றிவிடுவார்கள், அந்த மாற்றத்தைக் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டியது பல்கலைக்கழகத்தின் கடமை, விசாவின் காலமும் அதற்கேற்பக் குறையும். இதை எங்களிடம் சொன்னவர் பின்னறைப் பெண். அதுவும் நாங்கள் டெபாசிட் கட்டிய பிறகு, பேச்சுவாக்கில்.

இனிப் பணக் கணக்குக்கு வருகிறேன். நான் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கெழுதும் ஆள் என்பதால் இதில் எனக்கு அசட்டு நம்பிக்கை இருந்தது. நாங்கள் விண்ணப்பித்த காலத்தில் லண்டனுக்கு வெளியே படிப்பவர் வாழ்க்கைச் செலவுக்காக மாதம் 1,136 பவுண்டு வீதம் 9 மாதங்களுக்கு 10,224 பவுண்டு காட்ட வேண்டும். 2025 நவம்பர் 11 முதல் அது மாதம் 1,171 பவுண்டாக உயர்ந்துவிட்டது. இதோடு முதலாண்டுக் கட்டணத்தில் டெபாசிட் போக எங்களுக்கு மிச்சமிருந்த 9,000 பவுண்டும் சேர்ந்து, அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 22.5 லட்சம் ரூபாய். தேசிய வங்கி ஒன்றில் மருமகன் பெயரில் 12 லட்சம் கல்விக் கடன் கிடைத்தது. மீதிக்கு அக்காவின் சேமிப்புக் கணக்கு.

என் சங்கத்தில் எனக்கு மூன்று லட்சம் வைப்புத்தொகை இருந்தது. அதன் ரசீதை அப்படியே வைத்துவிடலாம் என்று பெருமையோடு எடுத்துக்கொண்டு போனேன். பின்னறைப் பெண் அதைப் பார்த்துவிட்டு, இரண்டு காரணங்களால் செல்லாது என்று மென்மையாகச் சொன்னார். கடன் சங்கம் ரிசர்வ் வங்கியின் ஒழுங்குமுறைக்குள் வராதது என்பது ஒன்று. மாணவன், அவனுடைய பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் கணக்கில் உள்ள பணத்தைத்தான் ஏற்பார்கள் என்பது மற்றொன்று. காதுகுத்து முதல் கல்யாணம் வரை தாய்மாமன் இல்லாமல் எங்கள் பக்கத்தில் எதுவும் நடக்காது. பிரிட்டன் சட்டத்தில் தாய்மாமனுக்கு இடமே இல்லை. வைப்பை முறித்து, பணத்தை அக்கா கணக்குக்கு மாற்றினேன். ஜூன் 5 அன்று அந்தக் கணக்கில் 12 லட்சம் இருந்தது. தேவை பத்தரை லட்சம்தான்; மிச்சம், பவுண்டு மதிப்பு ஏறினால் தாங்கிக்கொள்வதற்காக.

முன்னறையில் எங்களுக்குச் சொல்லியிருந்தது, "28 நாள் பணம் இருக்கணும்" என்ற ஒரு வரி மட்டுமே. அந்த 28 நாளும் ஒரு நாள்கூட இருப்பு தேவையான தொகைக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதையும், இறங்கினால் திரும்ப ஏறிய நாளிலிருந்து எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. இது எந்த ஊரிலும் சிக்கல்தான் என்றாலும், எங்கள் கரையில் ஜூன் மாதத்தில் பெரிய சிக்கல். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்த இரண்டு மாதமும் படகு கரையில் ஏறி, பலகை மாற்றி, எஞ்சின் பிரித்து, சாயம் அடித்துச் செலவு மட்டுமே வைக்கும். தடை முடியும்போது டீசல், ஐஸ், வலை, ஆட்களுக்கு முன்பணம் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். மச்சான் ஜூன் 13 அன்று அக்காவிடம் கையெழுத்து வாங்கி இரண்டு லட்சம் எடுத்தார். முதல் பாடுகளில் வந்த இறாலுக்குக் கம்பெனியிலிருந்து பணம் வந்ததும் ஜூன் 23 அன்று சொன்ன சொல் மாறாமல் திருப்பிப் போட்டார். வீட்டில் யாருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஜூலை 8 அன்று காஸ் வந்தது. இரண்டு நாளில் விண்ணப்பத்தை அனுப்பிவிடலாம் என்று முன்னறையில் நாள் குறித்துவிட்டார்கள். 9ஆம் தேதி பின்னறைப் பெண் வங்கி ஸ்டேட்மென்ட்டை வாங்கி, ஓர் அளவுகோலை ஒவ்வொரு வரிக்குக் கீழும் வைத்து இருப்புப் பகுதியை மட்டும் படித்துக்கொண்டே வந்தார். ஜூன் 13 என்ற வரியில் அளவுகோல் நின்றது. பத்து லட்சம். பென்சிலால் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு, "இத வச்சு அனுப்புனா கண்டிப்பா ரிஃப்யூஸல்தாங்க சார். 23ல இருந்து புதுசா எண்ணணும்" என்றார். ஜூலை 20 வரை காத்திருந்து, புதிய ஸ்டேட்மென்ட் வாங்கி, 24 அன்று விண்ணப்பித்தோம். ஸ்டேட்மென்ட்டின் கடைசித் தேதியிலிருந்து 31 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் அந்தப் பக்கத்திலும் இடைவெளி சரியாக இருந்தது. விசா கட்டணம் திரும்ப வராமல் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். மறுப்பு என்ற ஒரு கறை ஒவ்வொரு நாட்டு விண்ணப்பத்திலும் அவனைத் தொடர்ந்திருக்கும். எங்களைக் காப்பாற்றியது அந்த அளவுகோல்.

அக்காவின் பெயரில் இருந்த குழப்பத்தையும் அவர்தான் தீர்த்தார். பிறப்புச் சான்றிதழில் அக்காவுக்கு எங்கள் அப்பாவின் முதலெழுத்து, வங்கிக் கணக்கில் மச்சானின் முதலெழுத்து. பாதித் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு இருக்கும் நிலைமைதான் இது. ஆனால் தாய் கணக்கில் உள்ள பணம் என்று காட்ட, பிறப்புச் சான்றிதழும் கணக்கும் ஒரே ஆளுடையவை என்பது விளங்க வேண்டும். இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம், தமிழில் இருந்த சான்றிதழுக்குச் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு, பணத்தை மகன் படிப்புக்குப் பயன்படுத்தச் சம்மதம் என்று அக்காவின் கடிதம் ஆகிய மூன்றையும் என்ன வாசகத்தில் எழுத வேண்டும் என்று அவரே தட்டச்சு செய்து கொடுத்தார்.

இதற்கு நேர்மாறாக, முன்னறைக்கு வந்துபோகும் ஒருவர், நாங்கள் காத்திருந்த நாள்களில், நூற்றுக்கு இரண்டு வட்டிக்குப் பணம் போட்டுக் "காட்டி"த் தருவதாக மச்சானிடம் சொல்லியிருக்கிறார். இரவல் பணத்தைச் சொந்தப் பணம் என்று காட்டுவது பொய் விவரமாகக் கொள்ளப்பட்டால் 10 ஆண்டுகள்வரை அந்த நாட்டுக்குள் நுழையத் தடை விழலாம். நிறுவனத்துக்கும் அந்த மனிதருக்கும் தொடர்பில்லை என்றார்கள். தொடர்பில்லாதவருக்கு அங்கே தேநீர் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

2025 ஜூலையில் நாங்கள் கட்டிய கட்டணங்கள்: விசாவுக்கு 524 பவுண்டு, சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம், இரண்டாண்டுப் படிப்போடு முன்னும் பின்னும் தரும் மாதங்களைச் சேர்த்து 1,940 பவுண்டு. முன்னறையில் முதலில் சொல்லியிருந்த கணக்கு ஓராண்டுப் படிப்புக்கான 1,164 பவுண்டு. ஆக, கடைசி நேரத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்கு நெருக்கமான கூடுதல் செலவு. எங்கள் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வரம்பு போதாமல் ஏஜென்சியின் அட்டையில் கட்டி, அதற்கு மூன்று சதவீதம் வாங்கிக்கொண்டார்கள். காசநோய்ப் பரிசோதனைக்கு ஒருமுறையும் கைரேகைக்கு ஒருமுறையுமாகச் சென்னைக்கு இரண்டு ரயில் பயணங்கள். அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 14 அன்று மின்னஞ்சலில் முடிவு வந்தது. அந்த ஆண்டு ஜூலை நடுவிலிருந்து மாணவர்களுக்கு மின்விசா மட்டுமே, பாஸ்போர்ட்டில் எதுவும் ஒட்டுவதில்லை. வளைகுடாவுக்குப் போன பிள்ளைகளின் விசாக்களைப் பார்த்துப் பழகிய அவனுடைய அப்பத்தா, பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் புரட்டிவிட்டு, "வெறும் புத்தகத்தக் குடுத்து அனுப்பிட்டாங்களேப்பா" என்று இரண்டு நாள் வருந்தினார்.

ஒரு விஷயத்தில் ஏஜென்சியைக் குறை சொல்ல முடியவில்லை. படிப்பு முடிந்த பின் தங்கி வேலை தேடுவதற்கான பட்டதாரி விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. ஓராண்டுப் படிப்பில் போயிருந்தால் மருமகன் அந்தத் தேதிக்கு முன்பே விண்ணப்பித்திருப்பான். பிளேஸ்மென்ட் ஆண்டுக்காக ஆறு மாதத்தை விட்டுக்கொடுத்திருக்கிறான். நாங்கள் படிப்பைத் தேர்ந்தெடுத்தபோது இது உறுதியாகியிருக்கவில்லை. இனிமேல் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட வேண்டியதில்லை, முனைவர் பட்டத்தைத் தவிர எந்தப் படிப்புக்கும் 18 மாதம்தான்.

கோப்புக் கட்டணம் 15,000 ரூபாய். ரசீது மூன்றாம் முறை கேட்ட பிறகு கிடைத்தது. பின்னறைக்கு ஐந்துக்கு ஐந்து, முன்னறைக்கு ஒன்று. பாம்பனிலிருந்து ஒரு பெண் பிள்ளை அடுத்த செப்டம்பருக்குப் போக இருக்கிறாள். அவளுடைய அப்பா என்னிடம் விசாரித்தார். படிப்பை வீட்டிலேயே நீங்களே தேர்ந்தெடுத்து, பிளேஸ்மென்ட் என்ற சொல் ஆஃபர் லெட்டரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பணத்தைத் தடைக்காலத்துக்கு முன்பே தனிக் கணக்கில் போட்டுவிட்டு, நேராகப் பின்னறைக்குப் போங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.