கஃபீன் நீக்கிய காபித்தூள்: உறையில் இல்லாத ஓர் எண்

மாலைக் காபியை விடவும் முடியாமல், நள்ளிரவு தாண்டியும் தூக்கமின்றிப் புரண்டுகொண்டிருப்பதைப் பொறுக்கவும் முடியாமல் போனபோதுதான் கஃபீன் நீக்கிய காபித்தூள் ஒன்றை வாங்கினேன். ஆறு வாரங்களாக அதைக் குடித்து வருகிறேன். தூளைப் பற்றி எனக்குப் பெரிய குறையில்லை. குறையெல்லாம் அதன் உறையைப் பற்றித்தான்.

புதிதாக வறுத்து அரைத்த தூளில் கொதிநீரை ஊற்றினால் அது உப்பிக்கொண்டு மேலெழும். இந்தத் தூளோ ஈரமண்போல அப்படியே அமர்ந்துவிடுகிறது. வறுப்பதற்கு முன்பே பச்சைக் கொட்டையை ஊறவைத்து, கரைப்பான் கொண்டோ, வெறும் நீரைக் கொண்டோ, அழுத்தமேற்றிய கரியமில வாயுவைக் கொண்டோ கஃபீனைப் பிரித்தெடுக்கிறார்கள். அதோடு மணத்துக்கு உரிய பொருள்களிலும் சிறிது போய்விடுகிறது. பால் கலக்காமல் குடித்தால் அந்த இழப்பு நாவுக்குத் தெரிகிறது, கலந்தால் தெரிவதில்லை. கசப்பு மட்டும் குறையவே இல்லை. காபியின் கசப்பில் கஃபீனின் பங்கு சிறியதுதான்.

இனி உறைக்கு வருகிறேன். ‘97 சதவீதம் கஃபீன் நீக்கப்பட்டது’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். எதில் 97 சதவீதம்? காபிக் கொட்டையின் இரு முக்கிய வகைகளுள் அராபிகாவில் கஃபீன் சுமார் 1.2 சதவீதம், ரோபஸ்டாவில் ஏறத்தாழ அதைப்போல் இரு மடங்கு. ஆகவே 97 சதவீதம் நீக்கிய பின் 10 கிராம் தூளில், அராபிகாவானால் 4 மில்லிகிராம் அளவிலும் ரோபஸ்டாவானால் 7 மில்லிகிராம் அளவிலும் கஃபீன் எஞ்சியிருக்கும். இரண்டுமே சிறிய அளவுதான் என்பது உண்மை. ஆனால் எந்தக் கொட்டை என்பதும் உறையில் இல்லை, ஒரு கோப்பைக்கு எத்தனை மில்லிகிராம் என்பதும் இல்லை. கணக்குப் போட்டுக் குடிக்க வேண்டியவருக்குத் தேவைப்படுவது அந்த இரண்டாவது எண்தான்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உடல்நலமுள்ள வயது வந்தவர் ஒரு நாளில் 400 மில்லிகிராம் வரையிலும் ஒரே வேளையில் 200 மில்லிகிராம் வரையிலும் கஃபீன் உட்கொள்வது பாதுகாப்பானது. கர்ப்பிணிகளுக்கு நாள் முழுவதற்குமே 200தான் வரம்பு. 240 மில்லிலிட்டர் வடித்த காபியில் சராசரியாக 95 மில்லிகிராம் இருப்பதால் நான்கு கோப்பை எல்லையைத் தொட்டுவிடும். தேநீர், கோலா, சாக்லேட், சில தலைவலி மாத்திரைகள் ஆகியவற்றில் உள்ளதும் இதே கணக்கில் சேரும். கஃபீன் நீக்கிய காபியில் அதே அளவுக் கோப்பைக்கு 2 முதல் 15 மில்லிகிராம் வரை இருக்கக்கூடும். கர்ப்பிணி ஒருவர் ‘இதில்தான் ஒன்றுமில்லையே’ என்று நாள் முழுவதும் குடித்தால், இந்த வேறுபாடு சிறியதாக இருக்காது.

என் தூக்கம் திரும்பிவிட்டது. குடித்த கஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் 5 மணி நேரமாகும் என்பதால், மாலை 5 மணிக் காபியின் பாதி இரவு 10 மணிக்கும் எனக்குள் இருந்திருக்கிறது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் இந்த நேரம் இன்னும் பல மணி நீளும். ஆனால் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். காலைக் காபியையும் சேர்த்து ஒரே நாளில் மாற்றிவிட்டேன். மறுநாள் பிற்பகலில் நெற்றிப் பொட்டில் தொடங்கிய தலைவலி மூன்று நாள் நீடித்தது. தூள் கெட்டுப்போயிருக்குமோ என்று அதன் மேல் ஐயப்பட்டேன். வழக்கமான கஃபீனைத் திடீரென நிறுத்தினால் வரும் வலிதான் அது. பழைய தூளோடு இதைக் கலந்து, இரண்டு வாரங்களில் விகிதத்தைச் சிறிதுசிறிதாக மாற்றியிருந்தால் பெரும்பாலும் தப்பித்திருப்பேன். இதைப் பற்றியும் உறையில் ஒரு வரிகூட இல்லை. நெஞ்செரிச்சலுக்காக மாறுகிறவர்கள் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். கஃபீன் போனாலும் காபியின் அமிலங்களில் பெரும்பகுதி தங்கிவிடுகிறது.

இப்போது காலையில் பழைய தூள், மாலையில் இது. சுவைக்காக இதையே மீண்டும் வாங்கலாம். ஆயினும் அடுத்த பையை எடுக்கும்போது, கொட்டையின் வகையையாவது அச்சிட்ட வேறொரு தூள் பக்கத்தில் இருந்தால் அதைத்தான் எடுப்பேன்.