ஆறு மாசப் பணத்தை நீட்டுமுன் டிபிஎம் எவ்வளவு என்று கேளுங்கள்

சின்ன ஊர்களில் ஃபைபர் நெட் பெயரில் நடக்கும் ஏமாற்று பெரும்பாலும் ஒரே மாதிரிதான். "ஆறு மாசம் மொத்தமா கட்டிடுங்க, மோடம் ஃப்ரீ, 100 எம்பிபிஎஸ்" என்பார் கேபிள்காரர். முதல் வாரம் பறக்கும். அப்புறம் ஒரு மழைக்கு மோடத்தில் எல்.ஓ.எஸ். விளக்கு (சிக்னல் வரவில்லை என்று காட்டுவது) சிவப்பாக எரியும். போன் அடித்தால் "லைன்ல வேலை நடக்குது சார்". கட்டிய பணத்துக்கு ஆதாரமாக இருப்பது ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டும்.

பல இடங்களில் அவர் வெறும் ஏஜென்ட். லைசென்ஸ் வைத்திருப்பது வேறு கம்பெனி. பில் அந்தக் கம்பெனி பெயரில், 18% ஜிஎஸ்டி பிரித்துக் காட்டி, உங்கள் யூசர் ஐடியோடு வர வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆறு மாசப் பணம் வாங்கிக்கொண்டு, உள்ளே 40 எம்பிபிஎஸ் பிளானை மாசாமாசம் ரீசார்ஜ் செய்கிற ஆட்கள் உண்டு. கம்பெனியின் ஆப்பில் அந்த ஐடியைப் போட்டால் பிளான் பெயரும் முடியும் தேதியும் தெரிந்துவிடும். ஐடி தர இழுத்தடித்தால் பணம் தராதீர்கள்.

லைன் தரம் பார்க்க ஒரே ஒரு எண் போதும். மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1) பிரவுசரில் திறந்து, பான் அல்லது ஆப்டிகல் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் பாருங்கள். ஃபைபர் வழியாக மோடத்துக்கு வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு அது, டிபிஎம் கணக்கில் இருக்கும். அந்தப் பக்கம் பூட்டியிருந்தால் லைன்மேனைப் பவர் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 டிபிஎம் வரை நல்லது; மைனஸுக்குப் பின் எண் ஏற ஏற வெளிச்சம் குறைவு. வீடுகளில் வைக்கும் சாதாரண ஜிபான் வகை ஃபைபர் மோடத்துக்கு மைனஸ் 27 விளிம்பு. அங்கே நிற்கும் லைன் காற்றடித்தாலே போய்விடும். 3 டிபி (டெசிபல்) குறைந்தால் வெளிச்சம் பாதியாகிறது என்று அர்த்தம்.

"எக்ஸ்சேஞ்ச் தூரம் சார்" என்ற சாக்கை நம்ப வேண்டாம். ஒரு கிலோமீட்டர் ஃபைபரில் போவது ஏறக்குறைய 0.35 டிபிதான். வெளிச்சத்தைத் தின்பவை, ஒரு ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரும் ஜாயிண்டும். எட்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்றே 10 டிபிக்கு மேல் எடுக்கும். கணக்குப் பார்க்காமல் அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு தொங்கவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? மெஷின் வைத்து ஃபைபரை உருக்கி ஒட்டாமல் (ஸ்ப்லைஸ்) கையால் ஃபாஸ்ட் கனெக்டர் மாட்டி, இன்சுலேஷன் டேப் சுற்றி ஈபி போஸ்டில் விடுவார்கள், தண்ணீர் இறங்கும். பச்சை கனெக்டரை நீல அடாப்டரில் சொருகுவது இன்னொரு கொடுமை: முனைகளின் சாய்வு வேறு, சரியாகப் பொருந்தாது. ஜன்னல் மூலையில் வயர் மடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வேகத்தை வைஃபையில் அளக்காதீர்கள். லேப்டாப்பில் லேன் கேபிள் சொருகி, காலையில் ஒருமுறை, ராத்திரி எட்டரைக்கு ஒருமுறை பாருங்கள். கேபிளில் 95ஐத் தாண்டவே இல்லையென்றால் மோடத்தின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்ஸாக இருக்கலாம். அப்படியானால் அதன்மேல் 200 பிளான் போடுவது வீண். காலையில் 90, ராத்திரி 8 வந்தால் அவர் வாங்கியிருக்கும் பேண்ட்விட்த் அத்தனை வீட்டுக்கும் போதவில்லை. இதற்கு மருந்தாக டூயல் பேண்ட் மோடம் விற்க வருவார்கள். வாங்காதீர்கள், அது வீட்டுக்குள் வைஃபையைத்தான் சரிசெய்யும்.

கடைக்கு சிசிடிவி வைப்பவர்கள் மோடத்தில் வேன் ஐபி (வெளி நெட் பக்கம் மோடத்துக்குக் கிடைத்த முகவரி) பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஆரம்பித்தால் அது பலருக்குப் பொதுவான ஐபி. வெளியிலிருந்து கேமராவை நேரே திறக்க உதவும் போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாது.

புகாரை ஏஜென்டிடம் வாயால் சொல்லி நிறுத்தாமல், கம்பெனியின் கஸ்டமர் கேரில் பதிந்து டாக்கெட் நம்பர் (புகார் எண்) வாங்குங்கள். தீரவில்லையென்றால் அதே கம்பெனியின் அப்பீல் அதாரிட்டிக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகாரை எடுக்காது. பணத் தகராறு என்றால் 1915 நுகர்வோர் உதவி எண். கனெக்‌ஷனை விடும்போது மோடத்தின் சீரியல் நம்பர் எழுதி, திரும்பக் கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். "ஃப்ரீ" மோடத்துக்குப் பிற்பாடு பணம் கேட்பார்கள்.