ரஸ்ட் கன்வர்ட்டரும் டிங்கரிங் பட்டறையும்: பழைய லாரியில் எது நிலைத்தது?

20 ஆண்டுகளைக் கடந்த என் சிறிய லாரியில் துரு ஏறிய இடங்களில் பாதியை நானே சரிசெய்தேன். மீதியை ஒரு டிங்கரிங் பட்டறையிடம் ஒப்படைத்தேன். அதன்பின் இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டதால், எந்த வேலை நிலைத்தது என்று இப்போது சொல்ல முடியும்.

எதை நான் செய்வது, எதைப் பட்டறைக்கு விடுவது என்பதை ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரே தீர்மானித்தது. பெயின்ட் உப்பியிருந்த ஒவ்வோர் இடத்திலும் அதன் முனையை அழுத்திப் பார்த்தேன். கதவிலும் மட்கார்டிலும் செதில்தான் உதிர்ந்தது, அடியில் தகடு கெட்டியாக இருந்தது. ஓட்டுநரின் காலடியில் ரப்பர் விரிப்பைத் தூக்கிவிட்டுக் குத்தியபோதோ, முனை நமத்துப்போன அப்பளத்தில் இறங்குவதுபோல் இறங்கி, ஓட்டை வழியே தரை தெரிந்தது.

கதவுக்கும் மட்கார்டுக்கும் டானிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வர்ட்டரை வாங்கினேன். பால்போல் வெளுத்திருக்கும் இந்தத் திரவம், துருவோடு வினைபுரிந்து நீலம் ஓடிய கறுப்புப் படலமாக மாறுகிறது. ஆனால் அது வேலை செய்வது மெல்லிய, ஒட்டியிருக்கும் துருவில்தான். பளபளவென்று தேய்த்த இரும்பில் வினைபுரிய எதுவும் இல்லாததால் அங்கே எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சுதான் பொருந்தும். தடித்த செதில்மீது பூசினாலோ மேல்பகுதி மட்டும் கறுத்து, அடியில் துரு தன் வேலையைத் தொடரும். கம்பி பிரஷ் பிடித்த கை வலித்ததால் மட்கார்டின் உள்மடிப்பை அரைகுறையாகத் தேய்த்து விட்டேன்; முதல் மழைக்காலம் முடிவதற்குள் சரியாக அதே இடத்தில் பெயின்ட் மீண்டும் கொப்புளித்தது. முழுதாகத் தேய்த்த கதவில் இன்றுவரை ஒரு புள்ளிகூட இல்லை. குறை திரவத்தினுடையது அல்ல, என்னுடையது.

ஓட்டை விழுந்த காலடித் தகட்டில் பட்டறை செய்த வெல்டிங்கைப் பாராட்டியே ஆக வேண்டும். மெல்லிய தகட்டில் ஒரே இழுப்பாக வெல்டு வைத்தால் சூட்டில் நெளிந்துவிடும் என்பதால், இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு இணைத்தார்கள். தொடங்குமுன் பேட்டரி இணைப்பையும் கழற்றினார்கள். என் வீட்டு முற்றத்தில், வாடகை மெஷினோடு, நான் இதைச் செய்திருக்கவே முடியாது. வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸில் துரு ஆழமாக இறங்கியிருந்தால், ஓரளவு வெல்டிங் தெரிந்தவர்கூடக் கை வைக்கக் கூடாது என்பேன். பல கனரக வாகனங்களின் சேஸிஸ் உறுதி கூட்டிய எஃகால் ஆனது, தவறான இடத்தில் பட்ட சூடு அந்த உறுதியையே குலைத்துவிடும்.

பட்டறை சறுக்கியது கண்ணுக்குத் தெரியாத இடத்தில். மேலே பட்டி, பிரைமர், பெயின்ட் எல்லாம் கண்ணாடிபோல் இருந்தன. லாரிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தபோது, வெல்டு சூட்டில் கருகிய தகடு ஒரு பூச்சும் இல்லாமல் கிடந்தது. தண்ணீர் வடிய வேண்டிய துளையையும் சீலன்ட் போட்டு அடைத்திருந்தார்கள். கேட்டபோது மறுக்காமல் துளையைத் திறந்துகொடுத்தார்கள். அடிப்பக்கத்துக்கான பிரைமரையும், பெட்டிபோல் மூடிய, உள்ளே கூடான பகுதிகளுக்குள் அடிக்கும் துருத் தடுப்பு மெழுகையும் நானே வாங்கி அடித்தேன். வெல்டுக்கு முழு மதிப்பெண் தருவேன், துருத் தடுப்புக்குப் பாதிதான்.

அடுத்த முறையும் அதே பட்டறைக்குத்தான் போவேன். ஆனால் பட்டி பூசுமுன் ஒருமுறை வந்து பார்ப்பேன் என்று வண்டியை விடும்போதே சொல்லிவிடுவேன்.