லைவ்ல பேச வைக்கிறதா, எழுத்துல பேச வைக்கிறதா? ஆன்லைன் வகுப்பு டிஸ்கஷன் பத்தி

ஆன்லைன்ல பாடம் நடத்துறது ஒரு வேலை, பிள்ளைங்களப் பேச வைக்கிறது வேற வேலை. 2020 மார்ச்சுல ஊரடங்கு வந்தப்ப முதல் வேலைய ரெண்டு மாசத்துல எப்படியோ கத்துக்கிட்டேன், ரெண்டாவது கைக்கு வர ஒன்றரை வருஷம் ஆச்சு. பி.ஏ. எகனாமிக்ஸ் ரெண்டாம் வருஷம், 58 பேர், முக்கால்வாசி கிராமத்துப் பிள்ளைங்க, வீட்டுலயே முதல் ஆளா காலேஜுக்கு வந்தவங்க. எல்லாரையும் ஒரே நேரத்துல கூகுள் மீட்ல உக்கார வச்சும் டிஸ்கஷன் நடத்தியிருக்கேன், கூகுள் கிளாஸ்ரூம்ல கேள்வியப் போட்டுட்டு நாலஞ்சு நாள்ல அவங்கவங்களுக்கு எப்ப முடியுதோ அப்ப எழுதுங்கன்னு விட்டும் பாத்திருக்கேன். இப்பவும் மழை லீவு, வீக்கெண்ட் வகுப்புன்னு ஆன்லைன் நடக்கத்தான் செய்யுது, புதுசா வேலைக்கு வர்றவங்க "இதுல எது நல்லது அக்கா?"ன்னு கேக்குறாங்க.

ஒரே கேள்விய ரெண்டு விதமாவும் கேட்ட கதைய சொல்றேன். ரேஷன்ல அரிசியா குடுக்கலாமா, பேங்க்ல பணமா போடலாமா? இதான் கேள்வி. தமிழ்நாட்டுல 2011 ஜூன்ல இருந்து அரிசி கார்டுக்கு ரேஷன் அரிசி இலவசம், பக்கத்துல புதுச்சேரியில 2015 செப்டம்பர்ல அரிசிய நிறுத்திட்டு பணமா குடுக்க ஆரம்பிச்சாங்க, அதனால எல்லார்கிட்டயும் சொல்ல ஏதாவது இருக்கும்னு நம்பித்தான் கேட்டேன். மீட்ல நாலு பேர் பேசினாங்க. அதுல மூணு பேர் எப்பவும் பேசுறவங்க. "பணமா குடுத்தா குடிச்சே அழிச்சுடுவாங்க மேம்"னு ஒருத்தன், "அரிசியா குடுத்தா மட்டும் என்ன, லாரி லாரியா கடத்துறாங்கல்ல"ன்னு இன்னொருத்தன், பத்து நிமிஷம் நல்லா சூடாப் போச்சு. மீதி 54 பேரும் கலர் வட்டத்துக்குள்ள ஒத்த எழுத்தா இருந்தாங்க.

அன்னிக்கு சாயங்காலம் அதே கேள்விய எழுத்துல போட்டேன். ராத்திரி 11.40க்கு ஒரு பொண்ணு எழுதியிருந்தா, அந்த செமஸ்டர் முழுக்க மைக்கே ஆன் பண்ணாத பொண்ணு. "எங்க சித்திய புதுச்சேரியில கட்டிக் குடுத்திருக்கு மேம். பணம் சித்தி பேர்லதான் வருது, ஏடிஎம் கார்டு சித்தப்பா சட்டைப் பையில இருக்கு. அரிசின்னா நேரா அடுப்படிக்கு வந்துடும்." இவ்ளோதான். குடும்பத்துக்குள்ள பணம் யார் கையில இருக்குங்கறது எகனாமிக்ஸ்ல எவ்ளோ பெரிய விஷயம், அத நான் ஒரு மணி நேரம் நடத்தியிருந்தாலும் இப்படி உறைச்சிருக்காது. மறுநாள் சாயங்காலத்துக்குள்ள அதுக்குக் கீழ 19 பேர் எழுதிட்டாங்க, அவங்கவங்க வீட்டுல கார்டு யார்கிட்ட இருக்குன்னு.

அவ ஏன் லைவ்ல பேசலன்னு அப்புறம் போன் பண்ணிக் கேட்டேன். கூச்சம்னுதான் நானும் நினைச்சிருந்தேன். வீடு ஒரே ரூம், அப்பா பக்கத்துலயே உக்காந்திருப்பாரு, அவர் காதுல விழ சித்தப்பாவப் பத்தி எப்படி மேம் சொல்றதுன்னு கேட்டா. அதோட போன் அண்ணனோடது, அவன் வேலை முடிஞ்சு வந்து சாப்பிட்டு படுத்தாத்தான் இவ கைக்கு வரும். 2021 ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் காலேஜ் பிள்ளைங்களுக்கு தினம் 2 ஜிபி டேட்டா கார்டு இலவசமா குடுத்தாங்க, அது பெரிய உதவிதான், ஆனா தனியா உக்காந்து வாய் விட்டுப் பேச ஒரு மூலை வேணுமே, அத எந்த கார்டு குடுக்கும்? மைக் ஆஃப்ல இருந்தா கவனிக்கலன்னு அர்த்தம் எடுத்துக்கறத அன்னிக்கே விட்டுட்டேன்.

அதுக்காக லைவே வேண்டாம்னு சொல்ல வரல. லைவ்ல பாதி தப்பு நம்ம பக்கம். மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970கள்லயே வகுப்பறைகள்ல இத அளந்து பாத்திருக்காங்க: டீச்சர் கேள்வி கேட்டுட்டு சராசரியா 1 செகண்டுதான் காத்திருக்காங்க, அத 3 செகண்ட் ஆக்கினாலே பதில் நீளமாகுது, நிறைய பேர் வாயத் திறக்கறாங்க. அது நேர் வகுப்புல. ஆன்லைன்ல நம்ம குரல் போய்ச் சேரணும், அவங்க மைக்கத் தேடி ஆன் பண்ணணும், பின்னாடி ஓடுற டிவிய நிறுத்தச் சொல்லணும், இதுக்கெல்லாம் 3 செகண்ட் எங்க பத்தும்! நான் கைக்கடிகாரத்தப் பாத்து 15 செகண்ட் விடுவேன், ஆரம்பத்துல ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, நடுவுல "கேக்குதா?"ன்னு கேட்டு நானே கெடுத்துடுவேன்.

இன்னொண்ணு, மீட்லயே எழுதி அனுப்புற சேட் பாக்ஸப் பயன்படுத்தணும். பதில எல்லாரும் டைப் பண்ணி வைங்க, யாரும் அனுப்பாதீங்க, நான் மூணு எண்ணின பிறகு ஒண்ணா அனுப்புங்கன்னு சொல்லுவேன். 40 பதில் ஒரே நேரத்துல கொட்டும், தமிழோ தங்கிலீஷோ எதுல வேணா இருக்கட்டும், முதல்ல எழுதினவனப் பாத்து மத்தவங்க அதையே அடிக்க வழியில்ல. அப்புறம் அதுல ரெண்ட எடுத்து, "நீ ஏன்ப்பா இப்படி சொன்ன?"ன்னு பேர் சொல்லிக் கேட்டா ஆள் பேசிடும், ஏன்னா பதில் ஏற்கெனவே அவன் எழுதினதுதான். சின்னச் சின்ன குழுவா பிரிச்சு அனுப்புறதும் பண்ணியிருக்கேன், சும்மா "டிஸ்கஸ் பண்ணுங்க"ன்னு அனுப்பினா அங்கயும் அமைதிதான், நாலு பேர், 7 நிமிஷம், திரும்பி வரும்போது ஒரே ஒரு வாக்கியம் எழுதிக் கொண்டு வரணும்னு சொன்னா ஓரளவு நடக்கும்.

இப்ப எழுத்துப் பக்கம் வருவோம், அங்கயும் குப்பை நிறைய சேரும். ஞாயித்துக்கிழமை ராத்திரி 12 மணி டெட்லைன்னா 11 மணிக்கு மேல 45 பேர் வந்து போட்டுட்டுப் போவாங்க, யாரும் யாருடையதையும் படிச்சிருக்க மாட்டாங்க, "நான் இந்தக் கருத்தை ஏற்றுக்கொள்கிறேன்"னு ஒரு வரி, இல்லேன்னா எங்கயோ காப்பி அடிச்ச அஞ்சு பாரா. இதுக்குப் பேர் டிஸ்கஷன் இல்ல, அசைன்மெண்ட். நான் செஞ்ச முக்கியமான மாத்தம் ரெண்டு டெட்லைன் வச்சது: புதன் ராத்திரிக்குள்ள உன் பதில், வெள்ளி ராத்திரிக்குள்ள இன்னொருத்தருக்குப் பதில், அந்தப் பதில்ல ஒரு கேள்வியோ ஒரு எதிர் உதாரணமோ கண்டிப்பா இருக்கணும். கேள்வியும் கூகுள்ல கிடைக்கிற மாதிரி இருக்கக் கூடாது. "பொது விநியோகத் திட்டத்தின் நன்மைகள் யாவை"ன்னு கேட்டா காப்பிதான் வரும், "உங்க தெரு ரேஷன் கடையில போன மாசம் என்ன நடந்துச்சு"ன்னு கேட்டா எங்க போய் காப்பி அடிப்பாங்க?

செட்டிங்க்ஸும் பாத்து வைக்கணும். கிளாஸ்ரூம்ல கேள்வியா போட்டா, தன்னோட பதில அனுப்பின பிறகுதான் மத்தவங்க பதில் தெரியும்படி வைக்கலாம், மூடுல் (Moodle)னு ஆன்லைன் வகுப்புக்கான இன்னொரு தளத்துல இதுக்கே கேள்வி பதில் ஃபோரம்னு தனியா இருக்கு. வாட்ஸாப் குரூப்ல இந்த வசதி கிடையாது, முதல் பதில் வந்ததும் மத்ததெல்லாம் அது பின்னாடியே போயிடும், நடுவுல குட் மார்னிங் படம் வேற. ஆனா டைப் பண்ண சிரமப்படுற பிள்ளைங்கள மட்டும் வாய்ஸ் நோட் எனக்கு அனுப்பச் சொல்லுவேன், நானே சுருக்கி அவங்க பேர்ல போட்டுடுவேன். அப்புறம், டீச்சர் முதல் நாளே உள்ள போய் ஒவ்வொண்ணுக்கும் பதில் போடக் கூடாது. மேம் சொல்லிட்டாங்கன்னா முடிஞ்சுது, அதுக்கு மேல ஒருத்தரும் வாதாட மாட்டாங்க.

ஸ்வீடன்ல ஹ்ராஸ்டின்ஸ்கின்னு ஒருத்தர் 2008ல இந்த ரெண்டையும் ஒப்பிட்டு எழுதியிருக்காரு: நேரலைப் பேச்சு ஆளுக்கு ஆள் நெருக்கத்தையும் ஈடுபாட்டையும் கூட்டுது, நேரம் விட்டு எழுதுறது யோசனைய ஆழமாக்குது. என் அனுபவமும் அதுதான். டிமாண்ட் கர்வ் (எந்த விலைக்கு எவ்ளோ வாங்குவாங்கன்னு காட்டுற கோடு) ஏன் நகருதுன்னு குழப்பம்னா அத எழுத்துல நாலு நாள் இழுக்கறது கொடுமை, லைவ்ல படம் போட்டு அஞ்சு நிமிஷத்துல தீந்துடும். செமஸ்டர் முதல் வாரம் முகம் தெரியாத பிள்ளைங்களுக்கும் லைவ்தான். அதே மாதிரி எழுத்து டிஸ்கஷன்ல ஒருத்தர் எழுதினது இன்னொருத்தர் மனச நோகடிச்சுட்டா எழுதிச் சமாளிக்கப் பாக்காதீங்க, கூப்பிட்டுப் பேசிடுங்க. ஆனா சாதி, வீட்டுக் கடன், கூலி, கல்யாணச் செலவு, இந்த மாதிரி வீட்டோட ஒட்டின விஷயம் எதுவா இருந்தாலும் எழுத்துதான் முதல்ல. ஒண்ணுதான் எடுக்கலாம்னு யாராவது என் கையக் கட்டினா நான் எழுத்தத்தான் எடுப்பேன், 4 பேர் குரலுக்கு பதிலா 50 பேர் குரல் கிடைக்குது, வேற காரணம் வேண்டாம்.

கையக் கட்டலேன்னா எழுத்து முன்னாடி, லைவ் பின்னாடி. வெள்ளி ராத்திரி வரைக்கும் எழுதட்டும், சனிக்கிழமை காலையில 40 நிமிஷம் மட்டும் மீட், அதுல நான் புதுசா எதுவும் கேக்க மாட்டேன், அந்த வாரம் எழுதினதுல ஒண்ணுக்கொண்ணு முட்டுற மூணு பதில ஸ்கிரீன்ல போடுவேன். எழுதினவங்ககிட்ட முந்தின நாளே பேர் சொல்லலாமா, பேர் இல்லாம போடவான்னு கேட்டுடுவேன். அந்த ஏடிஎம் கார்டு பதில பேர் இல்லாமத்தான் போட்டேன், கடத்தல் பத்திப் பேசின பையன் அதப் படிச்சுட்டு, "மேம், எங்க வீட்டுல கார்டு என்கிட்டதான் இருக்கு, அம்மாவுக்கு பின் நம்பரே தெரியாது"ன்னான்.